35,000 ஆர்.பி.எம். போதுமா? நுண் செதுக்கலுக்கான கைக் கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்க வருபவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஜிகா ஹெர்ட்ஸ் சார்?" என்பதுதான். சின்னசேலத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் எனக்கு இது பழகிப் போன கேள்வி. "ஜிகா ஹெர்ட்ஸ் மட்டும் பார்க்காதீர்கள். ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா, பவர் சப்ளை தரமானதா என்று பாருங்கள்" என வருபவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துவேன். ஆனால் ஒரு செதுக்கும் கருவி வாங்கும்போது இதே தவறை நானே செய்தேன். அதற்கு நாங்கள் கொடுத்த விலை, என் மாமாவின் ஒரு மாத உழைப்பு.

கம்ப்யூட்டர் இதழில் செதுக்கும் கருவிக்கு என்ன வேலை என்று நினைக்கிறீர்களா? இதைப் படிப்பவர்களில் பலர் வீட்டிலேயே பி.சி.பி. போர்டில் துளை போடுபவர்கள், கேபினட்டின் பக்கவாட்டில் விசிறிக்கு ஓட்டை வெட்டுபவர்கள், அக்ரிலிக் தகட்டில் பெயர் பொறிப்பவர்கள். இவர்கள் எல்லோருக்கும் தேவைப்படுவது பேனா போலக் கையில் பிடித்து, மிக வேகமாகச் சுழலும் முனையால் வேலை செய்யும் இந்தக் கருவிதான். டிரெமெல் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் ரசீன் நகரில் ஆல்பர்ட் டிரெமெல் என்பவர் 1932-ல் தொடங்கிய நிறுவனம் அது. 1993-ல் போஷ் நிறுவனத்திடம் சென்றது. நகல் எடுப்பதையெல்லாம் நாம் ஜெராக்ஸ் என்பது போல, இந்த வகைக் கருவிகளை எல்லாம் பலர் டிரெமெல் என்றே அழைக்கிறார்கள். ஆனால் இதில் நான்கு வகைகள் உண்டு. வகை தெரியாமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மாமா கேட்டது என்ன?

என் தாய்மாமா கள்ளக்குறிச்சியில் மரச்சிற்பி. கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களுக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நாற்பது வருடங்களாகக் கொட்டாப்புளியும் உளியுமாக இருந்த அவருடைய வலது கை கட்டை விரல் மூட்டில் வலி வந்துவிட்டது. "தட்டுற வேலையைக் குறைச்சுக்குங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். உருவம் பிரித்து எடுக்கும் பெரிய வேலைகளைப் பட்டறையில் இருக்கும் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் முத்து மாலை, விரல் இடுக்கு, நகம், திருவாசியில் வரும் சுருள் போன்ற நுணுக்கங்களை அவர்தான் செய்தாக வேண்டும்.

"மாப்ளே, பல் டாக்டர் கையில ஒரு மெஷின் வெச்சிருக்காரே, அந்த மாதிரி நம்ம மரத்துக்கு ஒண்ணு கெடைக்குமா? நீதான் கம்ப்யூட்டர்ல எல்லாம் தேடறவனாச்சே" என்றார்.

நானும் தேடினேன். பெட்டியின் மேல் "35,000 ஆர்.பி.எம்." என்று பெரிதாக அச்சிட்டு, நூறு உதிரி முனைகளும் சேர்த்து, இரண்டாயிரம் ரூபாய்க்கும் குறைவான விலையில் ஒரு கருவி கண்ணில் பட்டது. வேகமும் அதிகம், விலையும் குறைவு. வேறு என்ன வேண்டும் என்று ஆர்டர் போட்டுவிட்டேன்.

மூன்று நாட்கள் துண்டு மரத்தில் பழகினார் மாமா. நான்காவது நாள், ஒரு வாடிக்கையாளர் பூஜை அறைக்கு ஆர்டர் கொடுத்திருந்த, ஒன்றரை அடி உயர வேணுகோபாலன் சிலையில் கை வைத்தார். சிலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. புல்லாங்குழலைப் பிடித்திருக்கும் விரல்களுக்கு இடையே சுத்தம் செய்ய வேண்டியதுதான் பாக்கி. "மாமா, முழு வேகத்துல வையுங்க. அப்பத்தான் பினிஷிங் நல்லா வரும்" என்று சொன்னவன் நான்தான்.

நீளமான மெல்லிய முனை ஒன்றை மாட்டி, முழு வேகத்தில் வைத்தார். முனை ஒரு நொடி சாட்டை போல வளைந்து அதிர்ந்தது. மரத்தில் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் தாவியது. சிலையின் சுண்டு விரல் போய்விட்டது. முனை இரண்டாக உடைந்து, ஒரு துண்டு என் மூக்குக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. கண்ணாடி போடாதவனாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது.

"ஒட்டிடலாம் மாமா, தெரியவே தெரியாது" என்றேன். மாமா தலையை ஆட்டினார். "பின்னமான சிலையைப் பூஜைக்குக் கொடுக்கக் கூடாதுப்பா. அவங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமில்ல?" அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. வாடிக்கையாளருக்கு போன் செய்து ஒரு மாதம் தவணை கேட்டுவிட்டு, புதிய வாகைக் கட்டையை எடுத்து வைத்தார்.

அந்த ஒரு மாதத்தில் நான் இந்தக் கருவிகளைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். பல் மருத்துவருக்குப் பல் செட் செய்யும் லேப், நகைப் பட்டறை என்று நேரில் போய்ப் பார்த்தேன். தெரிந்துகொண்டதை இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

வேகம் மட்டும் போதாது

2000-ம் ஆண்டு நவம்பரில் இன்டெல் நிறுவனம் பென்டியம் 4 சிப்பை 1.4 மற்றும் 1.5 ஜிகா ஹெர்ட்ஸ் வேகங்களில் வெளியிட்டது. எண்ணைப் பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால் சில சோதனைகளில் 1 ஜிகா ஹெர்ட்ஸ் பென்டியம் 3 அதை முந்தியது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதும் முக்கியம் என்று அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

செதுக்கும் கருவியிலும் இதே கதைதான். பெட்டியில் போட்டிருக்கும் ஆர்.பி.எம். என்பது, முனை எதையும் தொடாமல் காற்றில் சுழலும்போது உள்ள வேகம். மரத்தில் வைத்து அழுத்தியவுடன் அந்த வேகம் எவ்வளவு குறைகிறது என்பதைப் பெட்டி சொல்லாது. அதைத் தீர்மானிப்பது டார்க் எனப்படும் முறுக்கு விசை. டார்க் குறைந்த கருவி அழுத்தியவுடன் திணறும். திணறுவதைப் பார்த்து நாம் வேகத்தைக் கூட்டுவோம். பிறகு கை எடுத்தவுடன் அது தறிகெட்டுச் சுழலும்.

அப்படியென்றால் வேகம் தேவையே இல்லையா? தேவைதான். ஆனால் எவ்வளவு என்பதை முனையின் விட்டம்தான் முடிவு செய்கிறது. முனையின் விளிம்பு மரத்தை என்ன வேகத்தில் உரசுகிறது என்பதே உண்மையான வெட்டும் வேகம். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. விட்டத்தை (மி.மீ.) 3.14 ஆல் பெருக்கி, அதை ஆர்.பி.எம். ஆல் பெருக்கி, 1000 ஆல் வகுத்தால், நிமிடத்திற்கு எத்தனை மீட்டர் என்று கிடைக்கும். எக்ஸெல் ஷீட்டில் போட்டுப் பாருங்கள்.

6 மி.மீ. முனை, 30,000 ஆர்.பி.எம். – நிமிடத்திற்கு 565 மீட்டர்
6 மி.மீ. முனை, 5,000 ஆர்.பி.எம். – நிமிடத்திற்கு 94 மீட்டர்
1 மி.மீ. முனை, 30,000 ஆர்.பி.எம். – நிமிடத்திற்கு 94 மீட்டர்
1 மி.மீ. முனை, 3,00,000 ஆர்.பி.எம். – நிமிடத்திற்கு 942 மீட்டர்

இரண்டாவது, மூன்றாவது வரிகளைக் கவனியுங்கள். ஒரு மி.மீ. முனை 30,000-ல் சுழல்வதும், 6 மி.மீ. முனை 5,000-ல் சுழல்வதும் விளிம்பில் ஒரே வேகம்தான். ஆகவே முனை சிறிதாகச் சிறிதாக வேகம் கூட வேண்டும். பெரிதாகப் பெரிதாகக் குறைய வேண்டும். "எப்போதும் முழு வேகம்" என்று நான் சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்று பாருங்கள். அதோடு, முனை மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால், அது தாங்கும் உச்ச வேகமும் குறைவு. அந்த எல்லையைத் தாண்டினால் வளைந்து உடையும். எங்களுக்கு நடந்தது இதுதான்.

நான்கு வகைக் கருவிகள்

1. ரோட்டரி டூல்: மோட்டார் முழுவதும் கைப்பிடிக்குள்ளேயே இருக்கும். டிரெமெல் 3000 மாடல் 130 வாட், 4000 மாடல் 175 வாட். பின்னதன் வேகம் 5,000 முதல் 35,000 ஆர்.பி.எம். வரை. கேபினட் தகடு வெட்ட, அக்ரிலிக் வெட்ட, சாண ஏற்ற, பாலிஷ் போட என்று பல வேலைகளுக்கு ஏற்றது. குறை என்ன? எடை அரை கிலோவுக்கு மேல். பருமனும் அதிகம். ஒரு மணி நேரம் பேனா போலப் பிடித்து எழுத முடியாது. வீட்டில் எல்லா வேலைக்கும் ஒரே கருவி வேண்டும் என்பவர்கள் இதை வாங்கலாம். நுண் செதுக்கல் மட்டுமே வேலை என்பவர்கள் அடுத்ததைப் பாருங்கள்.

யு.எஸ்.பி. மூலம் சார்ஜ் ஏறும் பேனா வடிவக் கருவிகளும் இப்போது நிறைய வருகின்றன. 3.7 வோல்ட் பேட்டரியில் 1 ஆம்பியர் எடுத்தால் கிடைப்பது 3.7 வாட்தான். மேலே சொன்ன 130 வாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கண்ணாடி டம்ளரில் பெயர் பொறிக்கலாம்; தேக்கில் செதுக்க முடியாது.

2. பிளெக்ஸ் ஷாப்ட்: நகைப் பட்டறைகளில் தலைக்கு மேல் கொக்கியில் ஒரு மோட்டார் தொங்கும், அதிலிருந்து ஒரு வளையும் குழாய் கைக்கு வரும், பார்த்திருப்பீர்கள். அதுதான். மோட்டார் எடை கையில் இல்லை. கைப்பிடி மெல்லியது. காலால் பெடலை அழுத்தி வேகத்தை மாற்றலாம். அமெரிக்காவின் போர்டம் நிறுவனத்தின் எஸ்.ஆர். மாடல் 18,000 ஆர்.பி.எம். மட்டுமே. "ஐயோ, பாதி வேகம்தானா" என்று நினைக்காதீர்கள். இதன் டார்க் அதிகம். 6 மி.மீ. முனையை மாட்டி மரத்தை நிறைய வாரி எடுக்க இதுதான் சிறந்தது. குறை: குழாய்க்குள் சுழலும் கம்பிக்கு அவ்வப்போது கிரீஸ் போட வேண்டும். குழாயைக் கூர்மையாக வளைத்தால் சூடாகும், அதிரும். குழாய் கையை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருப்பதால், மிக நுண்ணிய கோடுகளுக்குப் பழக்கம் தேவை.

3. மைக்ரோமோட்டார்: பல் செட் செய்யும் லேப்களில் பயன்படுவது. நக அலங்காரக் கடைகளிலும் இருக்கும். மேஜை மேல் ஒரு கன்ட்ரோல் பெட்டி. அதிலிருந்து மெல்லிய ஒயர். அதன் முனையில் கைப்பிடி. டி.சி. மோட்டார் கைப்பிடிக்குள்ளேயே இருக்கும். ஆனால் சிறியது. பொதுவாக 30,000 முதல் 40,000 ஆர்.பி.எம். வரை செல்லும். அதிர்வு மிகக் குறைவு. ஒயர் மெல்லியதாக இருப்பதால் கை எந்தப் பக்கமும் திரும்பும். நல்ல மாடல்களில் குறைந்த வேகத்திலும் திணறாது. 1 முதல் 3 மி.மீ. வரையிலான முனைகளால் முகம், நகை, இலை நரம்பு போன்றவை செதுக்க இதுதான் பொருத்தம். குறை: 6 மி.மீ. முனையை மாட்டி அழுத்தி வேலை வாங்கினால் கைப்பிடி சூடாகிவிடும். கார்பன் பிரஷ் உள்ள மாடல்களில் பிரஷ் தேயும், மாற்ற வேண்டும். பிரஷ் இல்லாத மாடல்களும் உண்டு, விலை கூடுதல்.

4. ஏர் டர்பைன்: மாமா பார்த்த பல் டாக்டரின் மெஷின் உண்மையில் இதுதான். இதில் மோட்டாரே இல்லை. அழுத்தப்பட்ட காற்று உள்ளே உள்ள சின்னஞ்சிறு சக்கரத்தைச் சுற்றுகிறது. ஜான் போர்டன் என்பவர் உருவாக்கிய ஏரோட்டர் 1957-ல் வந்து பல் மருத்துவத்தையே மாற்றியது. என்.எஸ்.கே. நிறுவனத்தின் பிரஸ்டோ 3,20,000 ஆர்.பி.எம். வரை சுழலும். 1 மி.மீ.க்கும் குறைவான முனையால் கண்ணாடியிலும் முட்டை ஓட்டிலும் எலும்பிலும் கோடு இழுக்கலாம். முனை தாவவே தாவாது. ஆனால் டார்க் கிட்டத்தட்ட கிடையாது. கொஞ்சம் அழுத்தினாலும் நின்றுவிடும். கூடவே காற்று கம்ப்ரசர் வேண்டும். காற்றில் ஈரம் இருந்தால் பேரிங் கெடும். அதற்கு பில்டர் வேண்டும். வீட்டில் கம்ப்ரசர் சத்தத்தை யார் பொறுத்துக்கொள்வார்கள் என்பதையும் யோசியுங்கள்.

முனையும் அதைப் பிடிக்கும் கவ்வியும்

கம்ப்யூட்டருக்கு ராம் வாங்கும்போது டி.டி.ஆர்.4-ஆ, டி.டி.ஆர்.5-ஆ என்று பார்க்காமல் வாங்க முடியாதல்லவா? அதுபோல இங்கே முனையின் தண்டுப் பகுதியின் பருமன் முக்கியம். ரோட்டரி டூல்களுக்குப் பொதுவாக 3.2 மி.மீ. மைக்ரோமோட்டாருக்கு 2.35 மி.மீ. ஏர் டர்பைனுக்கு 1.6 மி.மீ. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் சேராது. சிலவற்றில் கவ்வியை மாற்றிக்கொள்ளலாம். வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். 2.35 மி.மீ. தண்டைப் பல் மருத்துவப் பொருட்கள் விற்கும் கடைகளிலும் நகைக் கருவிக் கடைகளிலும் வாங்கலாம் என்பது பெரிய வசதி.

முனையின் உலோகமும் முக்கியம். தேக்கு மரத்தில் இயற்கையாகவே சிலிக்கா உண்டு. அது சாதாரண எஃகு முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். மழுங்கிய முனை வெட்டாது, உரசி மரத்தைக் கருக்கும். எனவே மரத்திற்கு டங்ஸ்டன் கார்பைடு முனை வாங்குங்கள். வைரத் துகள் ஒட்டிய முனை கல், கண்ணாடி, சங்கு போன்றவற்றிற்கு ஏற்றது. மரத்தில் அதனால் கடைசி மெருகு மட்டும் கொடுக்கலாம். "நூறு முனைகள் இலவசம்" என்பதற்கு மயங்காதீர்கள். மாமா இன்று தினமும் பயன்படுத்துவது ஆறே ஆறு முனைகள். அவை ஒவ்வொன்றும் தனித்தனியாக, பார்த்து வாங்கியவை.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

முடிந்தவரை நேரில் பார்த்து வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கினால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

1. மெல்லிய முனை ஒன்றை மாட்டிக் குறைந்த வேகத்தில் ஓட விடுங்கள். நுனி ஒரே புள்ளியாகத் தெரிய வேண்டும். இரண்டாகவோ மங்கலாகவோ தெரிந்தால், முனை மையத்தில் சுழலவில்லை என்று பொருள். இதை ரன்அவுட் என்பார்கள். 0.1 மி.மீ. ரன்அவுட் என்றால் சின்னதுதானே என்று தோன்றும். அரை மி.மீ. முனைக்கு அது ஐந்தில் ஒரு பங்கு!

2. துண்டு மரத்தில் ஒரு துளை போடுங்கள். துளை முனையைவிடப் பெரிதாக இருந்தாலும் ரன்அவுட்தான் காரணம்.

3. வேகத்தைக் குறைந்த அளவில் வைத்து, முனையை மரத்தில் மெதுவாக அழுத்துங்கள். உடனே நின்றால் டார்க் போதாது.

4. பத்து நிமிடம் தொடர்ந்து கையில் பிடித்து ஓட்டுங்கள். கைப்பிடி சுடுகிறதா, விரல் மரத்துப் போகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் வாங்கவே கூடாது என்பேன். மாமாவைப் போல மூட்டு வலி உள்ளவர்களுக்கு அதிர்வு என்பது வலியைக் கூட்டும் விஷயம்.

5. கார்பன் பிரஷ், கவ்வி, ஒயர், பெடல் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்தக் கருவியின் ஆயுள் முதல் பழுது வரைதான்.

மின்சாரத்தில் கவனம்

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் வாங்கி வந்த கருவி என்றால், அதில் 120 வோல்ட் என்று எழுதியிருக்கும். பின் மாற்றும் அடாப்டர் மட்டும் போட்டு நம் 230 வோல்ட்டில் செருகினால் மோட்டார் கருகிவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம் வேண்டும்.

கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் ரோட்டரி டூலைச் செருகாதீர்கள். அதன் மோட்டார் தொடங்கும்போது திடீரென அதிக கரண்டை இழுக்கும். யு.பி.எஸ். அதற்காகச் செய்யப்பட்டதல்ல. தனிப் பிளக் பாயிண்டில் செருகுங்கள். கல்லிலோ சங்கிலோ தண்ணீர் விட்டு வேலை செய்பவர்கள் 230 வோல்ட் நேரடியாகக் கைக்கு வரும் கருவியைத் தவிர்க்கவும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பதும் நல்லது.

கேபினட்டில் ஓட்டை போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மதர்போர்டு, பவர் சப்ளை எல்லாவற்றையும் கழற்றிய பிறகே தகட்டில் கை வையுங்கள். இரும்புத் தூள் ஒன்று போர்டில் விழுந்தாலும் ஷார்ட் ஆக வாய்ப்பு உண்டு. என் கடைக்கு அப்படி வந்த போர்டுகள் உண்டு. மர வேலை செய்யும் அறையில் கம்ப்யூட்டரையும் வைக்காதீர்கள். பிராசசர் விசிறி தூசியை எல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கண், மூச்சு, உடை

மூக்குக் கண்ணாடி என்னைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம். அதை நம்பக் கூடாது. பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். பக்கத்தில் நின்று பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். அடிபட இருந்தது வேலை செய்த மாமா அல்ல, வேடிக்கை பார்த்த நான்!

வேகமாகச் சுழலும் முனை உளியைப் போலச் சீவலாக வெட்டாது; மாவு போன்ற நுண் தூளாக்கும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே வகைப்படுத்தியிருக்கிறது. கல் தூள் நுரையீரலில் சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும். துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது. என்95 மாஸ்க் போடுங்கள். கையில் தொங்கும் துணி, துப்பட்டா, தோளில் துண்டு, விரித்த கூந்தல் எதுவும் முனை அருகே வரக் கூடாது. மாமா தோளில் துண்டு இல்லாமல் உட்கார்ந்ததை நான் பார்த்ததே இல்லை. இப்போது இந்த வேலைக்கு மட்டும் கழற்றி வைக்கிறார்.

பிடிக்கும் முறையும் சொல்லிவிடுகிறேன். சுண்டு விரலையோ மோதிர விரலையோ மரத்தில் ஊன்றிக்கொள்ளுங்கள். அழுத்தாதீர்கள், தொட்டுத் தொட்டு எடுங்கள். முனை சுழலும் திசையோடு ஓடாமல், அதற்கு எதிராகக் கையை நகர்த்துங்கள். சுழலும் திசையிலேயே போனால் முனை தானாக ஏறி ஓடும். கவ்வியின் பூட்டு வளையத்தை ஓடும்போது திருகாதீர்கள். முன்னும் பின்னும் சுழல வைக்கும் சுவிட்சையும் முழுவதும் நின்ற பிறகே மாற்றுங்கள்.

டிசைனை மரத்திற்கு மாற்றுவது

இது நம் துறை. இன்க்ஸ்கேப் என்ற இலவசப் புரோகிராமில் டிசைனை வரைந்தோ, ஸ்கேன் செய்த படத்தை டிரேஸ் செய்தோ கோடுகளாக மாற்றுங்கள். அளவைச் சரியாக மி.மீ.யில் அமைத்துக்கொள்ளுங்கள். பிறகு படத்தை இடம் வலமாகத் திருப்புங்கள். இதை மறந்தால் எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் தெரிவது போல மாறிவிடும். லேசர் பிரிண்டரில் அச்சிடுங்கள், இங்க்ஜெட் உதவாது. தாளின் அச்சிட்ட பக்கத்தை மரத்தில் வைத்து, இஸ்திரிப் பெட்டியால் சூடாக அழுத்தினால் டோனர் உருகி மரத்தில் ஒட்டிக்கொள்ளும். தாள் நகரக் கூடாது. நான்கு மூலையிலும் டேப் ஒட்டிவிடுங்கள். திருவாசியின் இரண்டு பக்கமும் ஒன்று போல வர, பாதி டிசைனை மட்டும் வரைந்து மறு பாதியை காப்பி செய்து திருப்பிக்கொள்கிறோம். முன்பு மாமா காகிதத்தை மடித்து வெட்டிச் செய்த அதே வேலைதான்.

நாங்கள் எதை வாங்கினோம்?

எல்லாவற்றையும் மாமாவிடம் விளக்கினேன். ஏர் டர்பைன் வேண்டாம் என்று முடிவு செய்தோம். வாகையிலும் தேக்கிலும் வாரி எடுக்க அதற்குச் சக்தி இல்லை, கம்ப்ரசர் செலவும் உண்டு. பிளெக்ஸ் ஷாப்டின் வேலையைப் பையன்களின் உளியே செய்துவிடும். ஆக 35,000 ஆர்.பி.எம். மைக்ரோமோட்டார் ஒன்றைப் பெடலுடன், பல் மருத்துவப் பொருட்கள் விற்கும் கடையில் மாமாவையே அழைத்துப் போய் வாங்கினேன். பெட்டியில் இருந்த எண் பழைய கருவியில் இருந்த அதே எண்தான்! விலை சுமார் நான்கு மடங்கு. ஆனால் மாமா பெடலை மிதித்து, பத்து நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டு, "கையில இருக்கறதே தெரியலப்பா" என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகு விலையைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

இரண்டாவது வேணுகோபாலன் சொன்ன தவணையில் முடிந்தது. விரல் இடுக்கை 1 மி.மீ. முனையில் அரை மணி நேரத்தில் சுத்தம் செய்தார். கண் திறக்கும் நாளில் மட்டும் மெஷினை ஓரமாக வைத்துவிட்டு, சின்ன உளியைக் கையில் எடுத்தார். கேட்டதற்கு, "இது ரெண்டு தட்டுதான். இதுக்கு என் விரல் தாங்கும்" என்றார்.

விரல் போன சிலை இப்போது பட்டறையில் மெஷின் வைத்திருக்கும் மேஜைக்கு மேலே இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் பெடலில் கால் வைக்கும் முன் மாமா அதைத்தான் காட்டுகிறார். நீங்கள் கருவி வாங்கப் போகும் முன், பெட்டி மேல் உள்ள எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் எந்தப் பொருளில் செதுக்கப் போகிறேன்? எத்தனை மி.மீ. முனையில்? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கையில் பிடிக்கப் போகிறேன்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால், எந்த வகை என்பது தானாகவே தெரிந்துவிடும்.